கறுப்புக் கண்ணாடிக்குள் புகுந்த சூடு: வில்லியம் ஹெர்ஷலும் உங்கள் கேமரா ஃபில்ட்டரும்

ஏசி ரிமோட்டைக் கையில் எடுத்துக்கோங்க. அதன் முனையில் இருக்கும் குட்டி பல்பைப் பார்த்துக்கொண்டே ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்க. ஒண்ணுமே தெரியாது. இப்போது மொபைலில் செல்ஃபி கேமராவைத் திறந்து, அதற்கு முன்னால் ரிமோட்டை நீட்டி அதே பட்டனை அழுத்திப் பாருங்க. பெரும்பாலான போன்களில் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு புள்ளி மின்னும். பின்பக்கக் கேமராவில் பார்த்தால் பல போன்களில் அந்தப் புள்ளி மங்கிவிடும், இல்லை காணாமலே போகும். அங்கே சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்ட்டர் இன்னும் கறார்.

மின்னியது அகச்சிவப்புக் கதிர். நம் கண்ணுக்கு எட்டாத இந்தக் கதிரை முதலில் கண்டுபிடித்தவர் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த அதே வில்லியம் ஹெர்ஷல்தான். அதைத் தேடி அவர் போகவில்லை. கண் எரியாமல் சூரியனைப் பார்க்க ஒரு நல்ல ஃபில்ட்டர் வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. 1800-ல் அந்தக் கவலை அவருக்குக் காட்டிக்கொடுத்த விஷயம் இன்றைக்கும் லென்ஸுக்கு முன்னால் ஃபில்ட்டர் மாட்டும் ஒவ்வொருவருக்கும் தேவைப்படுகிறது. கிரகணம் பார்க்க மொட்டை மாடிக்கு ஏறுபவர்களுக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

சீவாளி பிடித்த கை

ஹெர்ஷல் பிறந்தது ஜெர்மனியின் ஹனோவரில், 1738 நவம்பர் 15 அன்று. அப்பா ராணுவ பேண்டில் ஓபோ வாசிப்பவர். ஓபோ என்பது நம்ம நாகஸ்வரம் மாதிரியே சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். பையனும் அதையே கற்றுக்கொண்டு அதே பேண்டில் சேர்ந்தார். 1757-ல் பிரெஞ்சுப் படை ஹனோவரைச் சூழ்ந்தபோது, வீட்டார் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். வயது 18. கையில் இருந்த சொத்து வாசிப்பு மட்டும்தான்.

அந்த வாசிப்பை வைத்து அவர் நன்றாகவே பிழைத்தார். ஊர் ஊராக இசை சொல்லிக்கொடுத்து, 24 சிம்பொனிகள் எழுதி, 1766-ல் பாத் நகரத்து தேவாலயம் ஒன்றில் ஆர்கன் கலைஞராக உட்கார்ந்தார். அப்போது பாத், பணக்காரர்கள் வெந்நீர் ஊற்றில் குளிக்க வரும் ஊர். கச்சேரிக்குக் கச்சேரி, வகுப்புக்கு வகுப்பு என்று காசுக்குக் குறைவில்லை.

ராத்திரியில் மட்டும் வேறு ஆள். இசைக்கணக்கு கணிதத்துக்கு இழுத்தது, கணிதம் ஒளியியலுக்கு, ஒளியியல் ஆகாயத்துக்கு. நல்ல டெலஸ்கோப் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பதால் 1773-ல் தானே செய்ய ஆரம்பித்தார். அந்தக் காலத்து டெலஸ்கோப் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே இல்லை. செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த உலோகம், நம் வெண்கலத்துக்கு உறவுக்காரன். குதிரைச் சாணத்தில் அச்சு செய்து, உலோகத்தை ஊற்றி, ஆறவைத்து, மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். தேய்ப்பதை நடுவில் நிறுத்தினால் பரப்பு கெட்டுவிடும். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்திருக்கிறார். தங்கை கரோலின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டை ஊட்டிவிட்டார்!

கரோலினைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். சின்ன வயதில் டைஃபஸ் காய்ச்சல் வந்து வளர்ச்சி நான்கே கால் அடியோடு நின்றுபோன பெண். காலம் முழுக்க வீட்டு வேலைக்குத்தான் இவள் என்று அம்மா முடிவு கட்டியிருந்தார். 1772-ல் ஹெர்ஷல் ஊருக்குப் போய், வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ள அம்மாவுக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக ஏற்பாடு செய்துவிட்டு, தங்கையை பாத்துக்கு அழைத்து வந்தார். முதலில் பாடகியானார் கரோலின், பிறகு அண்ணனின் குறிப்பெழுத்தாளர், அப்புறம் தன் பங்குக்கு எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர். 1787-ல் அரசரிடமிருந்து ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளமும் வாங்கினார். அறிவியல் வேலைக்கு ஒரு பெண் சம்பளம் வாங்குவது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம்.

1781 மார்ச் 13 இரவு, பாத் வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தபோது ஒரு நட்சத்திரம் மட்டும் புள்ளியாக இல்லாமல் சின்ன வட்டமாகத் தெரிந்தது. வால்நட்சத்திரம் என்று நினைத்தார். அது யுரேனஸ். மனிதர்கள் ஆதிகாலம் முதல் கண்ணால் பார்த்து வந்த கிரகங்களின் பட்டியலில் முதன்முறையாக ஒரு புதுப் பெயர் சேர்ந்தது. மூன்றாம் ஜார்ஜ் அரசர் ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுத்தார். ஓபோ வாசித்தவர் முழுநேர வானியலாளர் ஆனார். பிறகு விண்ட்சர் அரண்மனைக்குப் பக்கத்தில் ஸ்லவ் என்ற ஊரில் குடியேறி, அரசர் தந்த 4,000 பவுண்டில் 40 அடி நீள டெலஸ்கோப் ஒன்றை 1789-ல் எழுப்பினார். அதன் வாயே நான்கு அடி அகலம்.

புகழ் இதோடு போதும் என்று நின்றிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

சிவப்பா, பச்சையா?

ஹெர்ஷலுக்குச் சூரியன் மேல் ஒரு விசித்திரமான எண்ணம் இருந்தது. நாம் பார்க்கும் தகதகப்பு மேல்மேகம் மட்டும்தான், உள்ளே குளிர்ந்த திடமான தரை இருக்கிறது, அங்கே உயிர்கள்கூட வாழலாம் என்று நம்பினார். சூரியக் கரும்புள்ளிகள் அந்த மேகத்தில் விழுந்த ஓட்டைகளாம். சிரிப்பு வருகிறதா? அந்த நம்பிக்கைதான் அவரைத் திரும்பத் திரும்பச் சூரியன் பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்ப வைத்தது.

பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்தி விளையாடியிருப்பீங்க. பெரிய டெலஸ்கோப்பைச் சூரியனுக்குத் திருப்பினால், அந்தக் காகிதம் இருக்கும் இடத்தில் உங்கள் கண் இருக்கும். அதனால் நடுவில் இருண்ட கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார். முதலில் சிவப்புக் கண்ணாடி. வெளிச்சம் நன்றாகவே குறைந்தது. ஆனால் சூடு கண்ணைக் குத்தியது, வைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுத்து இரண்டு பச்சைக் கண்ணாடிகள். இப்போது வெளிச்சம் போதுமான அளவு குறையவில்லை. சரி என்று அதில் ஒன்றைப் புகையில் காட்டிக் கரி ஏற்றினார். சிவப்பைவிட அதிக வெளிச்சம் வந்தது, ஆனாலும் கண்ணில் எரிச்சல் இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். அதிக இருட்டான கண்ணாடி சுட்டது, குறைந்த இருட்டான கண்ணாடி சுடவில்லை. நம்மில் பலர் கூலிங் கிளாஸ் வாங்கும்போதுகூட இருட்டுதான் பாதுகாப்பு என்று நினைத்து வாங்குகிறோம். ஹெர்ஷல் அந்த எண்ணத்தை அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டார். வெளிச்சமும் சூடும் ஒரே அளவில் வடிகட்டப்படவில்லை என்றால், வண்ணங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு சூட்டைச் சுமக்கின்றனவோ?

அளந்துபார்த்தார். ஜன்னலில் முப்பட்டகத்தை வைத்தார். மேஜை மேல் வானவில் விழுந்தது. நடுவில் துளை வெட்டிய அட்டை வழியாக ஒரே ஒரு வண்ணம் மட்டும் ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் படும்படி செய்தார். குமிழுக்குக் கறுப்பு மை பூசியிருந்தது, சூட்டை நன்றாக உறிஞ்சட்டும் என்று. பக்கத்தில் நிழலில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு தெர்மாமீட்டர்கள். ஊதாவில் ஃபாரன்ஹீட்டில் 2 டிகிரி ஏறியது. பச்சையில் மூன்றே கால். சிவப்பில் கிட்டத்தட்ட 7. (முப்பட்டகம் சிவப்புப் பக்கத்தைக் கொஞ்சம் நெருக்கிக் குவிக்கும், அதனால் இந்த எண்களை அப்படியே சூரியனின் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. போக்கு மட்டும் தெளிவு.)

அடுத்து நடந்ததைப் பல புத்தகங்கள் ஒரு தற்செயலாகச் சொல்கின்றன. தெர்மாமீட்டர் தவறுதலாகச் சிவப்புக்கு வெளியே கிடந்ததாம், சூடாகியிருந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி நடக்கவில்லை. சிவப்பை நோக்கிச் சூடு ஏறிக்கொண்டே போகிறது, சிவப்பின் ஓரத்தில்கூட உச்சம் வந்ததாகத் தெரியவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, தெரிந்தேதான் தெர்மாமீட்டரை வண்ணங்களுக்கு வெளியே நகர்த்தினார். வானவில் முடிந்த இடத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி, வெளிச்சமே இல்லாத இடத்தில், பத்து நிமிடத்தில் ஆறரை டிகிரி ஏறியது. ஒரு அங்குலம் தள்ளி வைத்தும் ஐந்துக்கு மேல் ஏறியது.

கண்ணுக்கு ஒன்றும் இல்லாத இடம். ஆனால் அங்கே சூரியன் இருந்தது. அவருக்கு அப்போது 61 வயது.

பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் ஃபில்ட்டராக வைத்துச் சோதித்தார். வண்ண வண்ணக் கண்ணாடிகள், கிணற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர், ஜின், பிராந்தி என்று ஒவ்வொன்றும் எவ்வளவு வெளிச்சத்தை விடுகிறது, எவ்வளவு சூட்டை விடுகிறது என்று பட்டியல் போட்டார். கடைசியில் சூரியனைப் பார்க்க அவருக்குப் பிடித்துப்போன ஃபில்ட்டர், தண்ணீரில் கலந்து வடிகட்டிய மை! மை வெளிச்சத்தைக் குறைத்தது, தண்ணீர் சூட்டைத் தின்றது. சூரியன் பனி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர் வழுக்கிவிட்டார். முதலில் இந்தச் சூட்டுக் கதிரும் ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத ஒளி என்றுதான் யோசித்தார். அந்தப் பட்டியல்களைப் பார்த்துவிட்டு, ஒரே கண்ணாடி இரண்டையும் இவ்வளவு வித்தியாசமாக நடத்துகிறதே, அப்படியானால் இரண்டும் வேறு வேறு சரக்கு என்று அதே வருடம் மனதை மாற்றிக்கொண்டார். அவருடைய முதல் யோசனைதான் சரி என்று பின்னால் வந்தவர்கள் நிரூபித்தார்கள். அகச்சிவப்பு என்ற பெயரும் அவர் வைத்ததில்லை. அது பல காலம் கழித்து வந்தது.

உங்க கேமராவுக்குள்ளே ஒரு பச்சைக் கண்ணாடி

இனி உங்கள் கேமராவுக்கு வருவோம். நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு கடையைச் சாத்திவிடும். டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சாரோ 1,100 வரைக்கும் பார்க்கும். சென்சார் மேல் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பொடி ஃபில்ட்டர்களும் இந்தக் கதிரை நன்றாக உள்ளே விட்டுவிடும். அப்படியே விட்டால் நிறமெல்லாம் குழம்பும். அதனால்தான் கம்பெனிகள் சென்சாருக்கு முன்னால் ஒரு ஐ.ஆர். கட் ஃபில்ட்டரைப் பதித்து அனுப்புகின்றன. பழைய கேமராவைப் பிரித்துப் போட்டவர்கள் பார்த்திருப்பீங்க, மெல்லிய நீலப்பச்சை நிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. ஹெர்ஷல் கையில் எரிச்சலைத் தணித்த அந்தப் பச்சைக் கண்ணாடியின் பேரன் என்றே சொல்லலாம்.

அந்தத் துண்டு பலவீனமாக இருந்தால் என்ன ஆகும்? 2006-ல் வந்த லைக்கா எம்8 கேமராவில் அப்படித்தான் ஆனது. அதன் ஃபில்ட்டர் மெல்லிசு. கறுப்பு சிந்தெடிக் துணி பல நேரம் அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். கறுப்பு கோட் போட்டவர்கள் படத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தார்கள். லென்ஸுக்கு முன்னால் மாட்டிக்கொள்ள வாங்கியவர்களுக்கு இலவசமாக ஃபில்ட்டர் கொடுத்துக் கம்பெனி சமாளித்தது.

லைக்கா எல்லாம் நமக்கு எதுக்கு என்கிறீர்களா? என்.டி. ஃபில்ட்டர் வைத்திருக்கிறீர்கள்தானே. அருவியைப் பட்டுத்துணி மாதிரி எடுக்க, அலையைப் பனி மாதிரி எடுக்க மாட்டுவோமே, அந்தக் கறுப்புக் கண்ணாடி. 10 ஸ்டாப் என்.டி. என்றால் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். ஆனால் மலிவான பல என்.டி.-க்கள் அகச்சிவப்பை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. ஷட்டரை ஒரு நிமிடம் திறந்துவைக்கிறீர்கள். கேமரா உள்ளே இருக்கும் ஃபில்ட்டர் சாதாரண நேரத்தில் கசியும் துளியைச் சமாளித்துவிடும். இப்போது வெளிச்சம் ஆயிரத்தில் ஒன்று, கசிவு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே. விளைவு, நிழலும் கறுப்பும் பழுப்புச் சிவப்பாக மாறிவிடும். ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் முழுதாகப் போகாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு என்.டி. மாட்டினால் இன்னும் மோசம். அகச்சிவப்பையும் சேர்த்துக் குறைக்கும் ஐ.ஆர்.என்.டி. வகையைக் கேட்டு வாங்குவதுதான் வழி. ஹெர்ஷலின் சிவப்புக் கண்ணாடிப் பிரச்னையேதான் இது, கண்ணுக்குப் பதில் சென்சார்.

வேண்டாம் என்று தள்ளும் இந்தக் கதிரையே வேண்டும் என்று பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். 720 நானோமீட்டர் ஐ.ஆர். ஃபில்ட்டர் பார்க்கக் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும், அதற்குக் கீழே உள்ள ஒளியை மறித்துவிட்டு மேலே உள்ளதை விடும். அதை மாட்டி மத்தியான வெயிலில் ஒரு மரத்தை எடுத்தால் இலைகள் வெள்ளையாகப் பூத்திருக்கும், நீல வானம் கறுத்திருக்கும். இலையின் உள் அமைப்பு அகச்சிவப்பை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் வரும் வெள்ளை அது. 1910-ல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்ட அமெரிக்கர் ராபர்ட் வுட் பெயரால் அதை வுட் விளைவு என்கிறார்கள்.

முயற்சி செய்யப்போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். உள்ளே இருக்கும் கட் ஃபில்ட்டரும் வெளியே மாட்டிய ஐ.ஆர். ஃபில்ட்டரும் ஒன்றுக்கொன்று எதிரி. அதனால் வெயிலில்கூட ஷட்டர் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டும், ட்ரைபாட் இல்லாமல் ஆகாது. ஃபோகஸையும் ஃப்ரேமையும் ஃபில்ட்டர் மாட்டும் முன்பே முடித்துவிடுங்க. அகச்சிவப்பு கொஞ்சம் தள்ளித்தான் ஃபோகஸ் ஆகும் என்பதால் அப்பர்ச்சரை எஃப்8 பக்கம் வையுங்க. பழைய லென்ஸ்களில் இதற்கென்றே ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். புல்தரையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் வண்ணம் ஓரளவு அடங்கும். சில லென்ஸ்களில் படத்தின் நடுவில் வெளுத்த வட்டம் விழும், அது லென்ஸின் குணம், உங்கள் கைக்கோளாறு இல்லை.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்குப் பழைய ஒரு வித்தை உண்டு. முழுக்க வெளிச்சம் பட்டு, டெவலப் ஆகி, கறுத்துப்போன கலர் ஃபிலிம் சுருளின் நுனியை வெட்டி லென்ஸுக்கு முன்னால் வைத்தால் அதுவே ஐ.ஆர். ஃபில்ட்டர் ஆகிவிடும். கலர் ஃபிலிமின் சாயங்கள் வெளிச்சத்தைத் தடுக்கும், அகச்சிவப்பைத் தடுக்காது.

இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஊட்டி, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. ஒவ்வொரு கிரகணத்துக்கும் வீட்டில் ஏதாவது ஒரு கறுப்புப் பொருளைத் தேடுவோம். எக்ஸ்-ரே ஃபிலிம், கரி பிடித்த கண்ணாடி, இரண்டு கூலிங் கிளாஸ், பழைய போட்டோ நெகட்டிவ். அந்த நெகட்டிவ்தான் மேலே சொன்ன அகச்சிவப்பு ஃபில்ட்டர். சூரியன் மங்கலாக, சாந்தமாகத் தெரியும். இருட்டு என்று நம்பிக் கண்ணின் பாப்பாவும் அகலமாக விரியும். கண்ணுக்குத் தெரியாத கதிரோ அதே வேகத்தில் உள்ளே போகும். விழித்திரைக்கு வலி தெரியும் நரம்பு கிடையாது, அதனால் சுடுவதே தெரியாது. ஹெர்ஷலுக்காவது எரிச்சல் எச்சரித்தது. கேமராவின் என்.டி. ஃபில்ட்டரை வைத்து வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்ப்பதும் இதே ரகம்தான். சூரியனுக்கென்றே செய்து, ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் பெற்ற கண்ணாடி இல்லையா? ஒரு அட்டையில் ஊசித்துளை போட்டு, தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்க. பிள்ளைகளுக்கும் அதையே காட்டுங்க.

அப்பாவின் கதிர், மகனின் காகிதம்

ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25 அன்று ஸ்லவ் வீட்டில் இறந்தார், 83 வயதில். அவர் கண்டுபிடித்த யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்வது 84 ஆண்டுகள். கரோலின் ஹனோவருக்குத் திரும்பி 97 வயது வரை இருந்தார்.

மகன் ஜான், அப்பாவின் வானியலோடு வேறொரு பைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டார். அதுதான் புகைப்படம். வெளிச்சம் பட்டால் படம் அழிந்துபோகாமல் நிறுத்தும் ஹைப்போ கரைசலைப் புகைப்படக்காரர்களுக்குக் கொடுத்தவர் இவர். போட்டோகிராஃபி, நெகட்டிவ், பாசிட்டிவ் என்று நாம் இன்றும் சொல்லும் வார்த்தைகள் புழக்கத்துக்கு வந்ததும் இவரால்தான். 1839-ல், பிரித்துப்போட இருந்த அப்பாவின் 40 அடி டெலஸ்கோப்பின் மரச்சட்டத்தைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்தார். மங்கலான அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

அடுத்த வருடம் அப்பாவின் சோதனையையே கையில் எடுத்தார். மெல்லிய காகிதத்தின் ஒரு பக்கத்தில் கரி பூசி, சாராயத்தில் நனைத்து, முப்பட்டகத்தின் வானவில் அதன் மேல் விழும்படி வைத்தார். சூடு பட்ட இடம் முதலில் காய்ந்து வெளுத்தது. சிவப்பைத் தாண்டி, எதுவும் தெரியாத இடத்தில், காய்ந்த திட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தொடர்ச்சியாக இல்லை, நடுநடுவே இடைவெளி விட்டு. சூரியனிலிருந்து வரும் அகச்சிவப்பில் சில துண்டுகளைக் காற்றில் இருக்கும் நீராவி வழியிலேயே தின்றுவிடுகிறது. ஸ்லவ் வீட்டில் தாத்தா கால மேஜையில் மை கலந்த தண்ணீர் செய்த வேலையை, வானமே செய்துகொண்டிருந்தது.